அச்சு முறிந்த ஊரிலிருந்து

1

பிராணிகள் நலச் சங்கங்களைப் பற்றி நம் எழுத்தாளர்களிடையே இரண்டே அபிப்பிராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் யோசிப்பதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளப்பட்டவை. ஒன்று: இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பொழுதுபோக்கு, மனிதன் சோற்றுக்கு அலைகிற தேசத்தில் நாய்க்குப் பரிந்து பேசுவது மேட்டுக்குடியின் மனச் சொகுசு. மற்றது: இதில் புதிதாக என்ன இருக்கிறது, கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் இருக்கும்போது லண்டனிடம் போய்க் கருணை கற்க வேண்டுமா.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதத்திலேயே, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திரும்ப விடலாம் என்று திருத்தியது. அந்தச் சமயத்தில் நண்பர்கள் கூடிய ஓர் அறையில் மேற்படி இரண்டு அபிப்பிராயங்களையும் ஒரே மாலையில் கேட்டேன். முதலாவதைச் சொன்னவர் தம்மை இடதுசாரி என்று கருதிக்கொள்கிறவர். இரண்டாவதைச் சொன்னவர் சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர். இருவரும் நல்ல கவிஞர்கள். இருவரும் ஒரு வண்டிமாட்டின் கழுத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

இரண்டாமவருக்கு முதலில். பேகன் கதை மயிலைப் பற்றியது அல்ல. பேகனின் கையைப் பற்றியது. மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை என்பது பாராட்டியவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அதற்குக் கொடைமடம் என்று பெயர் வைத்தார்கள். மனுநீதிச் சோழன் கதை கன்று செத்த பிறகுதான் கதையாகவே ஆகிறது. திருவாரூர் வீதியில் தேரை அந்த வேகத்தில் ஓட்டுவானேன் என்ற கேள்வி அதில் கிடையாது. இவை அரசனின் புகழுக்கான சாதனங்கள். வதை நின்றதற்கான சாட்சியங்கள் அல்ல.

முதலாமவருக்குப் பதில் இவ்வளவு சுலபமில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

என் ஊர் அச்சரப்பாக்கம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு இற்ற இடம் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். பிள்ளையாரை நினைக்காமல் கிளம்பியதால் வந்த வினையாம். சம்பந்தர் பாடிய தலம். கோயிலில் இன்னொரு கதையும் உண்டு. கங்கைக்கரை மணலை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்த பாண்டியனின் வண்டி அச்சு இங்கே முறிந்தது. நின்ற இடத்தில் பொன்னிற உடும்பு ஒன்று கண்ணில் பட்டது. துரத்தினார்கள். அது கொன்றை மரத்துப் பொந்தில் புகுந்தது. மரத்தை வெட்டினார்கள். ரத்தம் வந்தது. உடும்பாக வந்தது ஈசன் என்று தெரிந்து கோயில் எழும்பியது.

இந்தக் கதைகளைச் சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். அச்சு முறிந்தால் நுகத்தடியில் இருக்கிற மாடு என்ன ஆகும் என்று இவர்களில் ஒருவருக்கும் ஏன் கேட்கத் தோன்றவில்லை?

எனக்குத் தெரியும். அப்பா பாரவண்டி ஓட்டினார். செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளிலிருந்து கட்டை ஏற்றிக்கொண்டு வருவார். மரச் சக்கரம், இரும்புப் பட்டா, அச்சின்மேல் சுழல்கிற குடம். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மைதான் மசகு. மை வறண்டால் மனிதனுக்குக் காதில் கிறீச்சென்று கேட்கும். மாட்டுக்குக் கழுத்தில் தெரியும். நுகத்தடி உராய்ந்து தோல் உரியும். புண் ஆறுவதற்குள் மறுநடை. அப்பா வேப்பெண்ணெய் தடவுவார். மாட்டின் மேல் பிரியம் இல்லாதவர் அல்ல. மாட்டுப் பொங்கலன்று அதன் முன்னால் விழுந்து கும்பிடுவார். ஆணி வைத்த தார்க்குச்சியும் அதே கையில்தான் இருந்தது.

ஒரு வைகாசி மாதம் செங்கல்பட்டுக்குப் பாரம் ஏற்றிப் போனோம். எனக்கு எட்டு வயது. ஏதோ ஒரு சங்கத்தின் வில்லை அணிந்த ஒருவர் வண்டியை மறித்தார். வலத்து மாட்டின் கழுத்துப் புண்ணைக் குச்சியால் சுட்டிக் காட்டி அப்பாவைக் கண்டபடி பேசினார். வழக்கு எழுதினார். புண் உண்மை. அவருடைய கோபமும் போலியல்ல. பத்து ரூபாய் அபராதம். மாட்டுக்கு நியாயம் கிடைத்துவிட்டதென்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அப்பாவிடம் மறைத்தேன். இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த நடையில் அப்பா வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டை ஏற்றினார். பத்து ரூபாயை வேறு எங்கிருந்து எடுப்பது? தோப்புக்காரர் கூலி கொடுத்தது எடைக்கு. ஏரிக்கரை இறக்கத்தில் அச்சு முறிந்தது. பாரம் முன்னால் சரிந்தது. வலத்து மாடு நுகத்தடியோடு முழங்கால் போட்டு விழுந்தது. அப்பா முதலில் குனிந்து பார்த்தது அச்சை. நானும் அச்சைத்தான் பார்த்தேன். மாட்டின் முன்னங்கால் மடங்கிக் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அது அதற்கப்புறம் வண்டிக்கு ஆகவில்லை. சந்தையில் அடிமாடாகப் போயிற்று. அப்பா பணத்தை எண்ணாமல் மடியில் கட்டிக்கொண்டு நடந்தார்.

வில்லைக்காரர் விதித்த அபராதம் கடைசியில் மாட்டின் கழுத்தில்தான் ஏறியது. தோப்புக்காரருக்கு அப்படி ஒரு அபராதம் விதிக்கப்பட்டது தெரியவே தெரியாது.

சில வருஷங்கள் கழித்து அப்பா கடன் வாங்கி டயர் வண்டி கட்டினார். பேரிங் வைத்த அச்சு, ரப்பர் சக்கரம். அதே அப்பா, அதே தார்க்குச்சி, அதே தோப்புக்காரர். புது ஜோடியின் கழுத்தில் அந்த மாதிரிப் புண் வரவில்லை. அப்பாவின் இருதயம் மாறவில்லை. அச்சு மாறியிருந்தது. அவ்வளவுதான்.

3

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் சங்கங்களின் சரித்திரத்தைப் படித்தேன்.

1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற அயர்லாந்து அங்கத்தினர் பிரிட்டிஷ் பார்லிமென்டில் குதிரைகளையும் மாடுகளையும் ஆடுகளையும் வதைப்பதற்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதை அமலாக்க ஆள் வேண்டும். 1824இல் லண்டன் காபிக் கடை ஒன்றில் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் கூட்டிய கூட்டத்தில் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடிய வில்பர்ஃபோர்ஸும் அதில் இருந்தார். அடிமையின் முதுகையும் குதிரையின் முதுகையும் ஒரே மனசாட்சி பார்த்தது என்பது அந்தத் தொடக்கத்தின் கௌரவம். அதை நான் குறைக்க மாட்டேன். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கும் போனார்.

ஆனால் சங்கம் உடனே செய்தது என்ன? கூலிக்கு ஆள் வைத்து ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையைக் கண்காணித்தது. பிடிபட்டவர்கள் வண்டிக்காரர்கள், மாடு ஓட்டுகிறவர்கள். நரிவேட்டைக்குக் குதிரையேறிப் போன பிரபுக்கள் பிடிபடவில்லை. சட்டத்தில் அது குற்றமே இல்லை. 1840இல் விக்டோரியா ராணி சங்கத்துக்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார். 1868இல் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு உபதலைவர் பதவி தர முன்வந்தபோது அவர் மறுத்தார். செல்வாக்கில்லாத வர்க்கத்தாரின் குற்றங்களோடு சங்கம் நிறுத்திக்கொள்கிறவரை தம்மால் சேர முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

என் இடதுசாரி நண்பர் தம்முடைய சொந்தச் சரக்கென்று நினைப்பதை மில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். ஒரு வித்தியாசம் உண்டு. மில் இதைச் சொன்னது மிருகங்களைக் கைவிடுவதற்காக அல்ல. சங்கம் போதிய அளவு மிருகத்தின் பக்கம் இல்லை என்பதற்காக. நண்பரோ வண்டிக்காரனுக்காகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு மாட்டை விட்டுவிடுகிறார். மாடும் வண்டிக்காரனும் ஒரே நுகத்தடியில் இருக்கிறவர்கள் என்பது அவர் படித்த வர்க்கப் பார்வையில் எங்கோ விடுபட்டுப்போன பக்கம்.

அந்தச் சங்கத்தில் லூயிஸ் கோம்பெர்ட்ஸ் என்று ஒருவர் செயலாளராக இருந்தார். யூதர். மாமிசம் தின்னாதவர், குதிரை வண்டியில் ஏறாதவர். சக்கரத்தையே திருத்தி அமைத்தால் குதிரையின் பாரம் குறையுமென்று பொறிகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். சங்கம் கிறிஸ்தவக் கொள்கையின்மீது நிற்பது என்று அறிவித்தபோது 1830களின் தொடக்கத்தில் அவர் வெளியேற நேர்ந்தது. அச்சைப் பற்றி யோசித்த மனிதர் வெளியே போனார். அபராதப் புத்தகம் உள்ளே இருந்தது. பின்னால் உலகம் முழுவதும் போன சங்கங்களுக்கு இந்தப் புத்தகம்தான் கைமாறியது.

4

இந்தியாவுக்கு அது வந்தது 1861இல், கல்கத்தாவுக்கு. கொண்டுவந்தவர் கோல்ஸ்வொர்தி கிராண்ட், ஓவியர். கல்கத்தாத் தெருக்களை வரைந்த கண் அந்தத் தெருக்களில் இழுபட்ட மாடுகளையும் பார்த்தது. 1890இல் தேசம் முழுமைக்குமான சட்டம் வந்தது. அதன் பலன் எப்படியிருந்தது என்பதற்கு 1930 ஏப்ரலைச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் பாரவண்டி ஓட்டக்கூடாது என்ற விதிக்கு எதிராகக் கல்கத்தா வண்டிக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வண்டிகளையே தெருவுக்குக் குறுக்கே போட்டார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின.

அந்த விதி அநியாயமா? இல்லை. சித்திரை வெயிலில் எருமை படுகிற பாட்டைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். வண்டிக்காரர்கள் அநியாயமாகக் கேட்டார்களா? அதுவும் இல்லை. பகலில் மூன்று மணி நேரம் போனால் ஒரு நடை போயிற்று. சரக்கின் சொந்தக்காரன் வண்டி நிற்கிற மூன்று மணி நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று விதி சொல்லியிருந்தால் தெருவில் ரத்தம் விழுந்திருக்குமா? கருணைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்தான் ஒரு சங்கத்தின் நாணயம் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு ஊற்றும் உண்டு. 1882இல் தயானந்த சரஸ்வதி பசுப் பாதுகாப்புச் சபையைத் தொடங்கினார். பத்து வருஷத்தில் அப்படிப்பட்ட சபைகள் வட இந்தியாவில் பெருகி, 1893இல் கலவரங்களில் போய் முடிந்தது. 2017 ஏப்ரலில் ராஜஸ்தானத்து ஆல்வாரில் மாடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பெஹ்லு கான் என்ற பால்காரர் அடிபட்டுச் செத்தார். லண்டன் சங்கத்திடம் அபராதப் புத்தகம் இருந்தது, இவர்களிடம் தடி. பசுவுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஏனென்றால் அங்கே பசு பசுவாக இல்லை. அது மாதா, அது தேசம், அது கொடி. சாலையோரம் பிளாஸ்டிக் பையைத் தின்றுகொண்டு நிற்கிறதே, அந்த நாலுகால் பிராணி எந்தச் சபையின் கணக்கிலும் சேராது.

இங்கேயும் அப்படித்தான். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. பிராணிகள் நல வாரியமும் அந்த வழக்கில் ஒரு தரப்பு. 2017 ஜனவரியில் மெரீனா நிரம்பியது. அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. ஒன்பது வருஷமும் காளை ஒரு பக்கத்தில் தமிழனாகவும் மறுபக்கத்தில் மனுவாகவும் இருந்தது. உழவுக்கு டிராக்டரும் பாரத்துக்கு லாரியும் வந்துவிட்ட ஊர்களில் காளைக் கன்று பிறந்தவுடன் அதன் கதி என்ன என்று இரு பக்கத்திலும் கேட்டவர்கள் சிலர்தான். அவர்கள் குரல் மைக்குக்கு எட்டவில்லை.

5

சங்கங்களே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நண்பரிடமிருந்து நான் பிரிகிற இடம் இதுதான்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் ராஜ்ய சபாவில் ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவாக 1960இன் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்துக்கு அவர் செய்ததைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். இதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. சட்டத்தில் பல ஓட்டைகள். முதல் குற்றத்துக்கு பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். காயடிப்பதும் சூடு போடுவதும் மூக்கணாங்கயிறு குத்துவதும் விதித்த முறையில் செய்தால் குற்றமல்ல. ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தனி அத்தியாயம். ஆனாலும், அதன் கீழ் 1965இல் வந்த விதிகளை ஒருநாள் புரட்டியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருநூறு கிலோவுக்கு மேற்படாத சிறு மாடு ஒன்று இழுக்கிற இரட்டைச் சக்கர வண்டிக்கு அதிகபட்ச பாரம்: ரப்பர் டயர் இல்லையானால் 500 கிலோ, டயர் இருந்தால் 750, பால் பேரிங் இருந்தால் 1000.

அதாவது சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே மாடு, ஒரே கழுத்து. அச்சைப் பொறுத்துப் பாரம் இரு மடங்கு ஆகிறது. அப்படியானால் வில்லைக்காரர் அப்பாவிடம் பத்து ரூபாய் வாங்கியதற்குப் பதிலாக ஒரு பேரிங் அச்சுக்குக் கடன் வாங்க வழி சொல்லியிருக்கலாம். அது ஏன் எவருக்கும் தோன்றவில்லை? பெங்களூர் ஐ.ஐ.எம்மின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். ராமஸ்வாமி மாட்டு வண்டியின் நுகத்தடியையும் சக்கரத்தையும் திருத்த வேண்டும் என்று பல வருஷம் பேசினார். அவர் பேச்சைக் கேட்டு மெய்சிலிர்த்த கூட்டம் எதுவும் இல்லை. பேரிங்கைப் பற்றி யார் மெய்சிலிர்ப்பார்கள்?

சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தோடு தொடங்கிய ப்ளூ கிராஸையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். அவர்கள் வசதியானவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள். நண்பரின் கேலிக்குப் பொருத்தமானவர்கள்தான். ஆனால் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1964இலேயே, கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடை செய்யுங்கள் என்று சொல்லித் தாங்களே செய்யவும் தொடங்கினார்கள். மாநகராட்சி ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷம். பிறகு 2001இல் அதுவே தேசத்தின் விதியாயிற்று. நாய்க்கடியால் சாகிறவர்களில் பலர் செருப்பில்லாமல் தெருவில் விளையாடுகிற ஏழைக் குழந்தைகள். தடுப்பூசி போட்ட நாய் அந்தக் குழந்தைக்கும் காவல். இது அச்சை மாற்றுகிற வேலை. யாரையும் திட்டாமல், யாருக்கும் அபராதம் போடாமல், நாய் நாயாக இருக்கும்போதே அதற்குச் செய்யப்படுவது. அரைகுறையாகச் செய்தால் பலன் தராது என்பதும் உண்மை; பல நகரங்களில் அரைகுறையாகத்தான் நடக்கிறது. அந்தக் குற்றம் நாயினுடையதல்ல.

இந்த வேலைக்கு லண்டன் காபிக் கடைதான் மூலம் என்று எவரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து வெகு தூரமில்லை வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், லண்டன் சங்கம் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால், சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்களென்று அந்த ஊர்க் குடியானவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுக் கௌல் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை: பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும். பேகனைவிட இந்தக் குடியானவர்கள் எனக்கு உயர்ந்தவர்கள். அவர்கள் பறவைக்குப் போர்வை கொடுக்கவில்லை. அதன் மரத்தை விட்டுவைத்தார்கள். பதிலுக்குத் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள். 2020இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைக் குறுக்கும் யோசனை எழுந்தபோது, கௌல் கேட்ட அந்த முறையீடு மறுபடியும் தேவைப்பட்டது.

வள்ளலாரையும் இங்கே நினைக்கிறேன். மாமிசம் தின்கிறவர்களைப் புறவினத்தார் என்று அவர் ஒதுக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. அடிமாட்டுச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போனவனின் மகன் நான். ஆனால் அவருடைய ஜீவகாருண்யம் அபராதத்தில் ஆரம்பிக்கவில்லை. 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பில் ஆரம்பித்தது. பசி என்று வந்தவர்களில் புறவினத்தாரையும் அவர் விலக்கவில்லை. வண்டிக்காரனின் பசி தீராமல் மாட்டின் புண் ஆறாது என்பதை அவர் வேறு வார்த்தையில் சொன்னதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

6

கடைசியாக நமக்கு. நம் கவிதைகளில் மிருகங்களுக்குப் பஞ்சமில்லை. காகம் வருகிறது, அது தனிமை. நாய் வருகிறது, அது அவமானம். மாடு வருகிறது, அது இந்தியா. நானே அப்படி ஒரு மாட்டை எழுதியிருக்கிறேன், வலத்து மாடுதான். முழங்கால் போட்டு விழுந்ததை என் அப்பாவின் தோல்வி என்று ஆக்கி, பத்திரிகையில் போட்டு, நாலு பேரின் பாராட்டையும் வாங்கினேன். மாடு அப்பாவின் தோல்வி அல்ல. அது ஒரு மாடு. அதன் முன்னங்கால் மடங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் படிமம் இடைஞ்சலாக இருந்தது, அப்பாவுக்கு அச்சு இடைஞ்சலாக இருந்த மாதிரி.

ஆகவே, தெருநாய்க்குச் சோறு வைக்கிற பெண்மணியைக் கேலி செய்யும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவளுடைய சங்கத்தை இரண்டு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. உன் கருணையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? உன் கருணைக்கு உரிய பிராணி தெய்வமாகவோ தேசமாகவோ இல்லாமல் வெறும் பிராணியாக இருந்தாலும் கருணை கிடைக்குமா? இரண்டாவது கேள்வியை நம் கவிதைகளையும் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்க் கோயிலில் இப்போதும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். மரத்தை வெட்டினார்கள், ரத்தம் வந்தது, உடும்பாக வந்தவர் ஈசன் என்று கண்டுகொண்டு கைகூப்பினார்கள். பொந்துக்குள் இருந்தது வெறும் உடும்பாக இருந்திருந்தால் கோடாரி நின்றிருக்குமா என்று நான் ஒருமுறை கேட்டேன். கதை சொன்ன பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப கறிதான் தம்பி" என்றார். பொய் சொல்லவில்லை அவர். நாம்தான் இதுவரை அந்த அளவுக்குக்கூட உண்மையாக எழுதவில்லை.